ட்ரெயினர் பேரைப் பாருங்க தம்பி

ஏனுங்க தம்பி, கையில இருக்கறது ரேஸ் புக்குங்களா? நெனைச்சேன். மேட்டுப்பாளையத்துல ஏறுனதுல இருந்து பார்க்கறேன், பேனாவை வெச்சுக் குதிரை பேரையாச் சுழிச்சுட்டே வர்றீங்க. கோவிச்சுக்காதீங்க, அத்தனையும் தப்புங்க. அந்தக் குதிரைக மோசம்னு சொல்லலை. குதிரை பேரைச் சுழிக்கறதே தப்பு. அதுக்குக் கீழ பொடி எழுத்துல இன்னொரு பேர் இருக்குது பாருங்க. கண்ணாடி வேணுங்களா, என்னுதைப் போட்டுக்கங்க. அதான் ட்ரெயினர் பேரு. அதைப் படிக்கோணும்.

குதிரைக்கு என்னங்க தெரியும்? கொள்ளு வெச்சாத் திங்கும், கதவைத் தொறந்தா ஓடும். எந்த ரேஸ்ல விடறது, யாரை மேல ஏத்தறது, போன தடவை ஓடுன களைப்பு தீர்ந்துதா இல்லையா, இத்தனையும் முடிவு பண்றது ட்ரெயினருங்க. ஒரு ட்ரெயினரை எடுத்துக்கிட்டு அவர் எப்பெப்ப ஜெயிச்சார், எப்பெப்பத் தோத்தார்னு வரிசையாப் பார்த்துட்டு வந்தீங்கன்னா ஆள் மாட்டிக்குவார். ஒருத்தர் இருக்கார், ரொம்ப நாள் லாயத்துலயே நிறுத்தி வெச்ச குதிரையை வெளிய கொண்டாந்தார்னா பாதிக்குப் பாதி ஜெயிச்சுருவார். இன்னொருத்தர், குதிரை தோத்ததும் ஜாக்கியை மாத்துனார்னா கண்ணை மூடிட்டு நம்பலாம். மாத்தலைன்னா அந்தக் குதிரை சும்மா காத்து வாங்க வந்திருக்குதுன்னு அர்த்தம். பேரெல்லாம் சொல்லமாட்டனுங்க. அவங்க பொழப்பு.

நான் பந்தயம் கட்டறதில்லைங்க. அது சூது. நான் பண்றது ஆராய்ச்சி.

எனக்கு இது தொழிலுங்க. அரசாங்கத்துல புள்ளிவிவரம் எடுக்கற வேலையில இருந்தேன். வயல்ல ஒரு சதுரம் அளந்து, அந்த நெல்லை அறுத்து எடை போட்டு, அதை வெச்சு வட்டாரம் பூராவுக்கும் விளைச்சல் சொல்லோணும். மத்தவங்க நெல்லைப் பார்ப்பாங்க. நான் விவசாயியைப் பார்ப்பேன். ஆள் தெளிவா இருந்தா விளைச்சல் நல்லாருக்கும். போகப் போக வயலுக்கே போகாமச் சொல்லற அளவுக்கு வந்துட்டேன். மேலதிகாரி ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "சென்னியப்பன், உங்களை மாதிரி ஒருத்தரை என் சர்வீஸ்ல நான் பார்த்ததில்லை"ன்னார். அதுக்கப்பறம் என்னை வெளிய அனுப்பவே இல்லீங்க. ஆபீசுக்குள்ளயே ஒரு நாற்காலி போட்டு, வெயில்ல அலைய வேண்டாம்னு உட்கார வெச்சுட்டாங்க.

நான் ரிட்டயர் ஆன வருஷந்தான் என் மச்சினன் நாச்சிமுத்து லைசன்ஸ் வாங்கித் தனியா குதிரை ட்ரெயினிங் ஆரம்பிச்சான். என்னா பொருத்தம் பாருங்க. என் சம்சாரத்துக்குத் தம்பி. கல்யாணம் பண்ணிக்கலை. சின்ன வயசுலயே மெட்ராசுக்கு ஓடிப்போய் ஒரு பெரிய ட்ரெயினர்கிட்டச் சாணி அள்ளிக் கத்துக்கிட்டவன். குதிரை தும்முனா அதுக்குச் சளியா தூசியான்னு சொல்லுவான். எல்லாத் திறமையும் இருக்குது. ஜெயிக்கறது மட்டும் இல்லை.

அவன் தொடங்குனதுல இருந்து முடிஞ்ச வரைக்கும் ஒரு ரேஸ்கூட நான் விட்டதில்லைங்க. மெட்ராஸ்னாலும் ரயில் ஏறிருவேன். போன வருஷம் வரைக்கும், கோடைக்கு ஊட்டி சீசன்னா நானும் சம்சாரமும் அவன்கூடவே வாடகை வீடு எடுத்துத் தங்கிருவோம். அவ சமைச்சுப் போடுவா, நான் ஆலோசனை சொல்லுவேன். பேடக்குன்னு ஒரு இடம் இருக்குதுங்க, உங்களுக்குத் தெரியாததா, ரேஸுக்கு முன்னால குதிரையைச் சுத்திச் சுத்தி நடக்க விடுவாங்களே, அங்கதான். ட்ரெயினர் குடும்பங்கறதால எனக்கும் பாஸ் உண்டு. மத்த ட்ரெயினருக்கெல்லாம் கூட நின்னு புள்ளிவிவரம் சொல்ல ஆள் கிடையாது. எங்க நாச்சிமுத்துக்கு நான் இருந்தேன்.

பாஸ்கோன்னு ஒரு ஜாக்கி. நல்ல மனுசன், ரெண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவன் குதிரை மேல ஏறுறதுக்கு முன்னால பக்கத்துல போய் நான் விவரத்தைச் சொல்லிருவேன். "பாஸ்கோ, நீயும் நாச்சிமுத்துவும் சேர்ந்து இந்தத் தூரத்துல ஒண்ணுகூட ஜெயிச்சதில்லை. மனசுல வெச்சுக்க." தெரிஞ்சுட்டு ஓட்டறது நல்லதில்லீங்களா? அவன் உடனே நெத்தியிலயும் நெஞ்சுலயும் சிலுவை போட்டுக்குவான். பக்திமான். நாச்சிமுத்து சேணத்தை இறுக்கிக்கிட்டு இருப்பான். "மாப்ளே, கை நடுங்குது பாரு, போன ரேஸ்லயும் இப்படித்தான் நடுங்குச்சு"ம்பேன். அந்தக் குதிரைகூட, நான் பேச ஆரம்பிச்சா ரெண்டு காதையும் பின்னால மடக்கி வெச்சுட்டு அப்படிக் கேக்கும்.

குதிரை பேரு எக்ஸ்போர்ட் குவாலிட்டி. சிரிக்காதீங்க. சொந்தக்காரர் திருப்பூர்ல பனியன் கம்பெனி நடத்தறவர், குழந்தைவேலுன்னு பேரு. வேற என்ன பேர் வெப்பார்? நல்ல சாதிக் குதிரை, செம்பட்டை நிறம், நெத்தியில வெள்ளை. ஆனா தோத்துத் தோத்து, லாயத்துல மத்தவங்க அதை எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்டுன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. நாச்சிமுத்து காதுல விழுகற மாதிரியே கூப்பிடுவாங்க.

போன வருஷ சீசன்ல பாதி முடிஞ்சிருந்துது. ஒண்ணும் தேறலை. ஒருநாள் குழந்தைவேலு காரை எடுத்துட்டு வீட்டுக்கே வந்துட்டார். காப்பி குடிச்சார், சம்சாரத்தோட பணியாரத்தை நல்லாருக்குதுன்னார், அப்பறம் மெதுவா விசயத்துக்கு வந்தார். சீசன் முடியறதுக்குள்ள ஒண்ணு ஜெயிக்கோணும், இல்லாட்டிக் குதிரையை வேற ட்ரெயினர்கிட்ட மாத்திடறதா இருக்கறாராம். கெட்டவர் இல்லீங்க. நாச்சிமுத்துவைத் தெருவுல விடமாட்டாராம், திருப்பூர்ல பனியன் குடோன்ல சூப்பர்வைசர் வேலை போட்டுத் தர்றாராம். நாச்சிமுத்து சரிங்க முதலாளின்னு தலையை ஆட்டுனான். அவர் போனதுக்கப்பறம் அக்காகிட்டப் போய், "குதிரை வாசம் இல்லாத இடத்துல எனக்குத் தூக்கம் வராதுக்கா"ன்னான். அவ்வளவுதான் சொன்னான். என் சம்சாரம் அடுப்பைப் பார்த்துட்டு நின்னா. அவளுக்கு அவனை விட்டாப் பொறந்த வழியில வேற யாரும் இல்லீங்க.

முன்னால டிரைவருக்குப் பின் சீட்டுல, மஞ்சள் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கறது பாருங்க, அவதான். சம்பூரணம். ரேஸுக்குப் போகையில எங்கூட உட்காரமாட்டா. நான் யோசிக்க எடம் வேணும்னு சொல்லுவா.

அப்பத்தான் நான் முடிவு பண்ணேன். ஊர்ல இருக்கற ட்ரெயினரையெல்லாம் ஆராய்ச்சி பண்றோம், சொந்த மச்சினனைப் பண்ணலையேன்னு. உட்கார்ந்தேன். அவன் இதுவரைக்கும் ஜெயிச்சது மூணே மூணு ரேஸுங்க. அந்த மூணுலயும் மழை, வெயில், தூரம், ஜாக்கி எதுவுமே ஒத்துப் போகலை. அப்பறம் பார்த்தா, தம்பி, எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. மூணு ரேஸ்லயும் நாச்சிமுத்து மைதானத்துலயே இல்லை.

மொதல் தடவை அவனுக்கு அம்மை போட்டுக் கோயமுத்தூர்ல எங்க வீட்டுல படுத்திருந்தான். நான்தான் வேப்பிலையை வெச்சு விசிறிட்டு இருந்தேன். ரெண்டாவது, எம் பொண்ணு கல்யாணம். தாய்மாமன் இல்லாம எப்படி? மணவறையில என் பக்கத்துலதான் நின்னான். மூணாவது, நாங்க ரெண்டு பேரும் மெட்ராசுக்குக் கார்ல போறப்பச் சேலத்துக்கிட்ட வண்டி நின்னுபோச்சு. மெக்கானிக் வர்றதுக்குள்ள அங்க குதிரை ஜெயிச்சு, பரிசையும் யாரோ வாங்கியாச்சு. அவன் இருந்த ரேஸ் ஒண்ணுலகூட ஜெயிச்சதில்லை. இதை விடத் தெளிவா ஒரு புள்ளிவிவரம் என் சர்வீஸ்லயே நான் பார்த்ததில்லைங்க.

சாப்பிடறப்பச் சொன்னேன். "மாப்ளே, உன் குதிரைக்கு நீ ஆகாது."

கையில எடுத்த உருண்டையை அப்படியே தட்டுல வெச்சுட்டான். நான் விளக்கிச் சொன்னேன். உன் பயம் குதிரைக்குத் தொத்திக்குது, நீ இல்லைன்னா அது நிம்மதியா ஓடுது, அடுத்த ரேஸ் அன்னிக்கு உன்னை நான் வெளிய கூட்டிட்டுப் போயிடறேன், நீ கிட்ட இல்லாமப் பார்த்துக்கறது என் பொறுப்புன்னேன். பாவம், சண்டை போடுவான்னு பார்த்தேன். போடலை. "நான் போனா அது ஜெயிக்குமுன்னா போயிடறனுங்க மச்சான்"ன்னான். சம்பூரணம் ரசத்தை ஊத்திட்டு என்னையே பார்த்தா. பாராட்டறதுக்கு வார்த்தை வரலை போலிருக்குதுன்னு நெனைச்சேன்.

அந்தச் சனிக்கிழமை காலையில குதிரைக்கு என்னென்ன பண்ணோணுமோ அத்தனையும் பண்ணிட்டு, மீதியை உதவியாள்கிட்டச் சொல்லிட்டு, அது கழுத்தைக் கட்டிப் பிடிச்சுட்டு வந்தான். ரெண்டு பேரும் குன்னூருக்கு பஸ் ஏறுனோம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாப்பல ஒரு பேக்கரி இருக்குது, ஜன்னலோரம் ரெண்டு நாற்காலி. டீயும் வர்க்கி பிஸ்கட்டும் வாங்கிக் குடுத்தேன். வர்க்கியை ஒடைக்கறான், வெக்கறான், ஒடைக்கறான், வெக்கறான். மேசையெல்லாம் தூளு. அவன் போனைப் பிடுங்கிப் பேக்கரிக்காரர்கிட்டக் குடுத்து, பன் வெக்கற கண்ணாடி அலமாரிக்குள்ள வெச்சுப் பூட்டச் சொன்னேன். போன்ல பேசுனாலும் அவன் அங்க இருக்கற மாதிரிதானுங்களே. பேக்கரிக்காரர் காரணம் கேக்கலை. மாட்டுக்கு ஊசி போடறப்பப் பார்ப்பாங்க பாருங்க, அப்படி நாச்சிமுத்துவைப் பார்த்துட்டு வாங்கி வெச்சுக்கிட்டார்.

ரேஸ் நேரம் நெருங்க நெருங்க அவனுக்கு இருப்புக் கொள்ளலை. பாத்ரூம் போயிட்டு வர்றேன்னு போனவன் ரொம்ப நேரமா வரலை. எட்டிப் பார்த்தா, பின்னால அடுப்பங்கரை வழியாப் பூந்து வெளிய ஓடிட்டான். ஊட்டி பஸ் படியில ஒரு கால் வெச்சுட்டான். நான் ஓடிப்போய் இடுப்பைப் பிடிச்சு இழுத்தேன். மேலெல்லாம் மைதா மாவு. கண்டக்டர் என்னய்யா தகராறுன்னார். குடும்ப விசயமுங்கன்னேன். நாச்சிமுத்து அழுதுட்டான் தம்பி. "மச்சான், அதுக்கு இடதுபக்கம் வேலி இருந்தாப் பயம். பாஸ்கோகிட்டச் சொல்ல மறந்துட்டேன்"ங்கறான். அதெல்லாம் புள்ளிவிவரத்துல வராது மாப்ளே, வா உள்ளன்னு கூட்டிட்டு வந்து உட்கார வெச்சேன்.

அப்பறம் அலமாரிக்குள்ள போன் அடிச்சுது. கடையில இருந்தவங்க எல்லாரும் பன்னைப் பார்க்கறாங்க. பேக்கரிக்காரர் சாவியைத் தேடறார். ஒரு வழியா எடுத்தா, சம்பூரணம். குதிரை ஜெயிச்சிருச்சு. சும்மா இல்லைங்க, ஜெயிக்கும்னு எல்லாரும் நம்புன ஃபேவரிட்டைப் பின்னால தள்ளி, அடுத்த குதிரை வர்றதுக்கு முன்னால திரும்பிப் பார்த்துட்டு நின்னுதாம். நாச்சிமுத்து எந்திரிச்சு முதல்ல பேக்கரிக்காரரைக் கட்டிப் பிடிச்சான். என்னை ரெண்டாவதாத்தான் பிடிச்சான். பரவால்லைங்க, அவர் கிட்டக்க இருந்தார்.

வீட்டுக்குப் போனதும் சம்பூரணம் எங்களுக்குக் கேசரி வெச்சா. தம்பி கை கழுவப் போனப்ப என்கிட்ட வந்து நின்னா.

"ஏனுங்க, அவன் அம்மை போட்டுப் படுத்திருந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்துலதான். விசிறிட்டு இருந்தேன்."

"புள்ள கல்யாணத்தப்ப?"

"இதென்ன கேள்வி, மணவறையில."

"சேலத்துல கார் நின்னப்ப?"

"நான்தானே எறங்கித் தள்ளுனேன்."

"இன்னிக்கு?"

"பேக்கரியில."

அவ சரீங்கன்னு போய்ட்டா. நானும் விட்டுட்டேன். படிக்காதவங்ககிட்ட இதான் கஷ்டமுங்க, ஒரு விவரத்தைக் காட்டுனா அதுல சம்பந்தமில்லாதது எதையாவது எடுத்துக்குவாங்க. நாலு ரேஸை வெச்சு என்னைப் பத்தி ஒரு முடிவுக்கு வர முடியுங்களா? நாலுங்கறது பத்தாது. நாச்சிமுத்து விசயம் வேற. அது தெளிவாத் தெரிஞ்சுது.

பிரச்சினை எங்க வந்துதுன்னா, சீசன் கடைசியில கப் ரேஸு. ஒண்ணு ஜெயிச்சதுல குழந்தைவேலுக்கு ஆசை வந்துருச்சு. எக்ஸ்போர்ட் குவாலிட்டியைக் கப்புக்கு விடோணும்ங்கறார். நாச்சிமுத்துவை வெச்சுக்கறதும் வேண்டாங்கறதும் அதைப் பார்த்துட்டுத்தான்னு சொல்லிட்டார். அன்னிக்கு ட்ரெயினர் கோட்டுப் போட்டுட்டுப் பக்கத்துல நிக்கோணும், போட்டோ எடுக்கோணும்னும் சொல்லிட்டார். நான் ஆகாதுங்கறேன், அவர் ஆகோணும்ங்கறார். நாச்சிமுத்து நடுவுல நின்னுட்டு ரெண்டு பேருக்கும் தலையை ஆட்டறான். அவன் வந்தாக் குதிரை தோக்கும், தோத்தா அவன் குடோனுக்குப் போவோணும்.

சம்பூரணந்தான் தீர்த்து வெச்சா. "முதலாளி சொல்றபடி தம்பி இருக்கட்டும். நீங்க மட்டும் குன்னூர்ல அதே பேக்கரியில, அதே நாற்காலியில உட்காருங்க. அன்னிக்கு நடந்ததைப் பூராவும் மாத்திட்டா உங்க கணக்குத்தான் என்னாகும்? ஒரு ஆளாவது அங்க இருக்க வேண்டாமா?"

அசந்துட்டேனுங்க. என்னோட இருந்து இருந்து அவளுக்கும் விசயம் பிடிபட ஆரம்பிச்சுருச்சு. சோதனைன்னா எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்தக் கூடாது, ஏதாவது ஒண்ணை அப்படியே வெச்சிருக்கோணும். அந்த ஒண்ணு நான்.

போனேன். உட்கார்ந்தேன். பேக்கரிக்காரர் கேக்காமலே டீ வெச்சார். எதிர் நாற்காலி காலியா இருந்துது. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. இத்தனை வருஷம் அவன் ரேஸுக்கெல்லாம் ஓடி ஓடிப் போனேன், அவன் வாழ்க்கையில பெரிய ரேஸ், நான் வர்க்கி தின்னுட்டு உட்கார்ந்திருக்கறேன். பாஸ்கோகிட்டச் சொல்ல வேண்டிய புள்ளிவிவரம் ஒண்ணு இருந்துது, கப் ரேஸ்ல புதுசா எறங்கற ட்ரெயினருக பத்தி. நெஞ்சுக்குள்ளயே நிக்குது. எந்திரிச்சு ஊட்டி பஸ்ல ஏறிட்டேன். டிக்கெட்டும் வாங்கிட்டேன்.

வழியில அரவங்காட்டுல எறங்கிட்டேன்.

ஏன்னு கேட்டீங்கன்னா எனக்கே சரியாச் சொல்லத் தெரியலை. யாரும் எறங்கச் சொல்லலை. சன்னல்ல பார்த்துட்டே வந்தேன், நாச்சிமுத்து கோட்டுப் போட்டுட்டு நிக்கற மாதிரி ஒரு நெனைப்பு வந்துது, அவன் கை நடுங்காத மாதிரி. பஸ் நின்னுது, எறங்கிட்டேன். காத்து வாங்கலாம்னு வெச்சுக்கங்களேன். அங்கிருந்து குன்னூருக்கு நடந்தே திரும்பி வந்தேன். வழி பூரா லாரி. கால் வீங்கிப்போச்சு. வந்து அதே நாற்காலியில உட்கார்ந்தேன், டீ ஆறிப்போய் இருந்துது, அதையே குடிச்சேன்.

ஜெயிச்சிருச்சுங்க. மூக்கு வித்தியாசத்துல.

இதோ போன்ல போட்டோ இருக்குது, பாருங்க. இது குழந்தைவேலு, கப்பைக் குழந்தையாட்டம் தூக்கி வெச்சிருக்கார். இது பாஸ்கோ. கோட்டுப் போட்டிருக்கறது நாச்சிமுத்து, வாயைத் தொறந்துட்டு நிக்கறான் பாருங்க, அழறானா சிரிக்கறானான்னு அவனுக்கே தெரியாது. அவன் தோளைப் பிடிச்சுட்டு சம்பூரணம். இது குதிரை. காது ரெண்டும் எப்படி முன்னால நீட்டிட்டு நிக்குது பாருங்க, அப்படியொரு சந்தோசம்.

ட்ரெயினர் இருந்தும் எப்படி ஜெயிச்சுதுன்னு நீங்க கேக்கலாம். நல்ல கேள்வி. நானும் ரொம்ப யோசிச்சேன். அந்த நாற்காலிதாங்க. ட்ரெயினரோட கெட்டதை அது எடுத்துருது. இதையெல்லாம் ஒரு கட்டுரையா எழுதோணும்.

இப்ப அவன் லாயத்துல நல்லா குதிரைக சேர்ந்துருச்சுங்க. திருப்பூர்க்காரங்களே இன்னும் ரெண்டு பேர் குடுத்திருக்காங்க. போன மாசம் மெட்ராஸ்ல ரேஸு. நான் செங்கல்பட்டுல ஒரு லாட்ஜ்ல இருந்தேன். ஜெயிச்சுது. பாஸ்கோ என்னைப் பத்தி எல்லார்கிட்டயும் சொல்றானாம். மத்த ட்ரெயினருங்ககூட நாச்சிமுத்துகிட்ட வந்து, உங்க மச்சானை ஒருநாள் அந்த ஆள் குதிரைகிட்ட நிக்க அனுப்ப முடியுமான்னு, தங்களோட போட்டி போடற வேற ட்ரெயினரைக் காட்டிக் கேக்கறாங்களாம். அவ்வளவு மரியாதை.

உங்க புக்கைக் குடுங்க, நாலாவது ரேஸ்ல நாச்சிமுத்து குதிரை இருக்குது. அதைச் சுழிச்சுக்கங்க. என்னங்க, உங்ககூட ஊட்டிக்கே வந்து பக்கத்துல உட்கார்ந்து எல்லா ரேஸுக்கும் சொல்லித்தரச் சொல்றீங்களா? நீங்க நல்ல மனுசன். எனக்கும் ஆசைதான். ஆனா குன்னூர் வந்துருச்சு பாருங்க. பொறுப்புன்னு ஒண்ணை ஏத்துக்கிட்டாச்சு, எப்படி விட முடியும்? அந்தப் பையை மட்டும் எடுத்துக் குடுங்க. ஃபிளாஸ்க்கும் சால்வையும் அவதான் போட்டுக் குடுத்தா.

பஸ் உடனே கிளம்பாதுங்க, பதறாதீங்க. சம்பூரணம் டிரைவர்கிட்டச் சொல்லி வெச்சிருவா. நான் ரோட்டைத் தாண்டிக் கடைக்குள்ள போய் நாற்காலியில உட்கார்ற வரைக்கும் சன்னல்ல தலையை நீட்டி என்னையே பார்த்துட்டு இருப்பா. கல்யாணமாகி எத்தனை வருஷம் ஆச்சு, இன்னிக்கும் அப்படியொரு பாசமுங்க.